வீட்டுக்குள் ஒரு கங்காணி

"ஸ்கூல் எப்படிடா இருந்துச்சு?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"கணக்கு டெஸ்ட் மார்க் குடுத்துட்டாங்களா?"

"ம்ம்."

இரத்தோட்டைப் பக்கம் ஏதாவதொரு தேயிலைத் தோட்ட லயத்தின் இஸ்தோப்பில் பின்னேரம் ஐந்தரைக்குக் காதைக் கொடுத்தால் இது கேட்கும். எல்கடுவையிலும் கேட்கும். மாத்தளை டவுனில் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் வீட்டிலும் கேட்கும். அங்கே கேட்பவர் அம்மாவுக்குப் பதில் உம்மாவாக இருக்கலாம், பதில் அதே 'ம்'தான். காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய தாய் ஒருபக்கம், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை மறுபக்கம். நடுவில் இந்த ஒற்றை எழுத்து.

இலக்கணப்படி 'ம்' ஒரு மெய். மகன் பொய் சொல்லவில்லை, மெய்தான் சொல்கிறான். உயிர்தான் ஏறவில்லை.

இதே பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதிய காலத்தில் வாய் மூடாமல் பேசியவன். டீச்சர் போட்டிருந்த சேலையின் நிறம் வரை வந்து சொன்னவன். நாலைந்து வருடத்தில் என்ன நடந்தது? அம்மாமாரைக் கேட்டால் காரணம் கையோடு இருக்கும்: போன், கூட்டாளிமார், சேர்க்கை சரியில்லை. அதெல்லாம் பிறகு. முதலில் தலைக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் ஆகியோரின் குழு, பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்துக் குரல்களைக் கேட்கச் செய்தது. சில குரல்கள் சொந்தத் தாயுடையவை, சில முன்பின் அறியாத பெண்களுடையவை. சொன்னதெல்லாம் அர்த்தமில்லாத சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு செக்கனுக்கும் குறைவு. 2016இல் வெளியான முதல் ஆய்வில் இருந்தவர்கள் 12 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த அரைகுறைச் செக்கனுக்குள் 97 வீதத்துக்கும் மேல் சரியாகத் தாயை அடையாளம் கண்டார்கள். தாயின் குரல் கேட்டபோது மூளையில் மகிழ்ச்சியையும் வெகுமதி உணர்வையும் கையாளும் பகுதிகள் விழித்துக்கொண்டன. அந்நியக் குரலுக்கு அவ்வளவு இல்லை.

2022இல் அதே குழு பதின்ம வயதினரையும் சேர்த்துப் பார்த்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுவாக்கில் தராசு சாய்ந்திருந்தது. அதே வெகுமதிப் பகுதிகள் இப்போது தாயின் குரலைவிட அறியாத குரலுக்கே அதிகம் துள்ளின. தாயின் குரலை அவர்கள் மறந்துவிடவில்லை, கேட்டவுடன் கண்டுபிடித்தார்கள். ஆனால் மூளை வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. தாயோடு மட்டும் வாழ்நாளைக் கழிக்கப் போகிற உயிரினம் இல்லை மனிதன். நாளைக்கு யாரோடு வேலை செய்வான், யாரைக் கட்டுவான், யாரை நம்புவான் என்பதற்கான பயிற்சியை மூளை அப்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்த 'ம்' உங்கள் மேலுள்ள வெறுப்பு அல்ல. கலிபோர்னியாவின் சில டசின் பிள்ளைகளிடம் கண்டதை அப்படியே மாத்தளைக்கு இறக்குமதி செய்ய முடியாதுதான். ஆனால் வேறு குரல்களின் பக்கம் திரும்புகிற அந்த வயதை நம் வீட்டிலும் பார்த்தவர்கள் நாம்.

இன்னொரு சங்கடம் கடிகாரத்தில் இருக்கிறது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பு பருவமடையும் வயதில் பிந்துகிறது. பிரவுண் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து நிறுவிய உண்மை இது. பத்து மணிக்குப் பிறகுதான் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாக்கு அவிழும். தோட்டத்துத் தாய்க்கோ விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும், தோட்டத்தில் ஆளெண்ணும் பெரட்டுக்கு நேரத்துக்கு நிற்க வேண்டும். இரவு எட்டரைக்குக் கண் சொக்கும். பிள்ளை பேசத் தயாராகும்போது அம்மா தூங்கிவிட்டாள். அம்மா பேச வரும் விடிகாலையில் பிள்ளை பிணம்போலக் கிடக்கிறான். இதில் யாருக்கும் யார்மேலும் குற்றமில்லை.

நேரம் குறைகிறது என்பதும் உண்மைதான். ரீட் லார்சனும் சக ஆய்வாளர்களும் சிக்காகோவின் புறநகர்ப் பிள்ளைகளிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். 1996இல் வெளியான முடிவின்படி, பத்து வயதில் விழித்திருக்கும் நேரத்தில் 35 வீதத்தைக் குடும்பத்தோடு கழித்தவர்கள் பதினெட்டு வயதில் 14 வீதத்துக்கு இறங்கியிருந்தார்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வில் உள்ள இன்னொன்று: தாயோடோ தகப்பனோடோ தனித்திருக்கும் நேரம் அப்படிக் குறையவில்லை. தேய்ந்தது கும்பலாகக் கூடியிருக்கும் நேரம்.

லயத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. கூடியிருப்பதற்குக் குறைவே இல்லை. இரவு முழுக்கக் கூடித்தான் கிடக்கிறோம். இல்லாதது தனிமை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும் சுவருக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை தன் தாயிடம் என்னத்தைச் சொல்வாள்? பிள்ளைகள் போனுக்குள் போய்விடுகிறார்கள் என்று குறைபடுகிறோமே, அந்த வீட்டில் கதவு உள்ள ஒரே அறை போன்தான்.

அப்படியானால் தோட்டத்தில் எப்போதுமே பேச்சு நடந்ததில்லையா? நடந்தது, காம்பராவுக்கு வெளியே. பீலியில் குடம் நிரம்பும்வரை நின்ற நேரத்தில். விறகுக்குப் போன வழியில். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் பார்க்க டவுனுக்கு நடந்து வந்து, பஸ் கிடைக்காமல் திரும்பி நடந்த இரவில். இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு: இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், கைக்கு வேறு வேலை இருக்கிறது, பேச்சு நின்றால் யாருக்கும் வெட்கமில்லை. முகத்துக்கு நேரே உட்காரவைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்பது விசாரணை. குடத்தைத் தூக்கிவிடும்போது தானாக வருவதுதான் பேச்சு. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. அதோடு பீலிக்கரையும் போய்விட்டது என்பதையும் குறித்துவைக்கத்தான் வேண்டும்.

இப்போது விசாரணைக்கு வருவோம்.

கங்காணி என்ற சொல் கண்காணி என்பதிலிருந்து வந்தது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தவர் அவர். வந்தபின் மேய்த்தவரும் அவர். காலைப் பெரட்டில் நின்ற தலைகளை எண்ணினார்; தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு இருந்தது. யார் வந்தான், யார் வரவில்லை, யார் பிந்தினான் எல்லாம் அவருக்குத் தெரியும். யார் ஏன் அழுதான் என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அதற்குக் காசு கிடையாது.

நம் வீடுகளில் பின்னேரம் நடப்பது ஒரு பெரட்டு. எங்க போன, யாரோட போன, ஏன் லேட்டு, மார்க் எத்தனை, டியூசனுக்குப் போனியா. கேட்டால் தகப்பன்மார் சொல்வது: "நாலு கேள்வி கேட்டு வச்சாத்தான் புள்ள கைக்குள்ள இருக்கும்." உலகம் முழுக்க உளவியலாளர்களும் நீண்டகாலம் ஏறக்குறைய இதையே நம்பினார்கள். பிள்ளை எங்கே, யாரோடு என்று அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே கண்காணிப்பு நல்லது என்று முடிவு கட்டினார்கள்.

சுவீடனின் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவருக்கும் ஒரு எளிய சந்தேகம் வந்தது. பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது, சரி. எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டார்கள். தகவல் வரும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: பெற்றோர் கேட்டு அறிவது, கட்டுப்பாடு விதித்து அறிவது, பிள்ளை தானாக வந்து சொல்வது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கட்டுரை ஒரு துறையையே திருப்பிப் போட்டது. பெற்றோர் அறிந்திருந்ததில் பெரும்பங்கு மூன்றாம் வழியில் வந்தது. கேள்விக்கும் கட்டுப்பாட்டுக்கும் பங்கு சிறிது. அதுவரை 'கண்காணிப்பு' என்று பெயரிட்டு அளந்ததெல்லாம் உண்மையில் பிள்ளையின் மனமுவந்த பேச்சு. எண்ணிக்கொண்டிருந்தவர் கங்காணி அல்ல, பெயர் கொடுத்தவர்களே.

விதிகளே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் இதில் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. பதினைந்து வயதைப் பற்றி நமக்குத் தெரிவது அது சொல்லச் சம்மதித்த அளவுதான். கேட்க வேண்டிய கேள்வி "இவனிடமிருந்து எப்படிக் கறப்பது" என்பதல்ல. "போன முறை இவன் சொன்னபோது நான் என்ன செய்தேன்" என்பது.

அதையும் பார்த்திருக்கிறார்கள். லாரி டில்டன்-வீவரும் இதே சுவீடன் குழுவினரும் 2010இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வில், பிள்ளை ஒன்றைச் சொன்னபோது கத்திய, கேலி செய்த, தண்டித்த பெற்றோரிடம் பிள்ளைகள் பிறகு மறைப்பது கூடியது. பகிடியும் தண்டனைதான் என்பதைக் கவனியுங்கள். மகள் வந்து ஒரு விசயம் சொல்கிறாள். அதை அன்றிரவே சித்தப்பாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறோம். அவள் கடை மூடுகிறாள். அவ்வளவுதான், அடுத்த இரண்டு வருடத்துக்கு 'ம்'.

கத்தும்போது என்ன நடக்கிறது என்பதற்கு மூளைப் படமே இருக்கிறது. கியுங் ஹ்வா லீயும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 9 முதல் 17 வயதுவரையான 32 பேரை அவர்களுடைய சொந்தத் தாய் தங்களைக் குறைசொல்லும் 30 செக்கன் ஒலிப்பதிவைக் கேட்கவைத்தார்கள். உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் சூடேறின. அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதிகள் அடங்கின. இதுவரை சரி, யாரும் ஊகிக்கலாம். மூன்றாவதாக ஒன்று நடந்தது: அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள உதவும் பகுதிகளும் அடங்கின. அதாவது நீங்கள் ஏன் கத்துகிறீர்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டிய இயந்திரம் நீங்கள் கத்துவதாலேயே ஓய்ந்துபோகிறது. "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்ற வாக்கியம் பெரும்பாலும் முப்பதாவது செக்கனுக்குப் பிறகுதான் வரும். அப்போது கேட்க ஆளில்லை.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று எல்லோரும் சொல்கிறோம். மிஞ்சிய தோளைத் தோழனாக நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் அந்தக் கணக்கில் இல்லை, என் மகளிடம் பின்னேரம் முதலில் கேட்டது 'மார்க் எத்தனை' என்பதுதான், இந்த அத்தியாயத்தை எழுதிய அன்றும்.

கேட்டல் பற்றி ஒன்று. பிரித்தானியாவில் நெட்டா வைன்ஸ்டைன் குழு 13 முதல் 16 வயதுள்ள ஏறக்குறைய ஆயிரம் பேருக்குக் காணொளி காட்டியது. ஒரு பிள்ளை சங்கடமான விசயமொன்றைப் பெற்றோரிடம் சொல்கிறது. சிலர் பார்த்ததில் பெற்றோர் கவனமாகக் கேட்டார், சிலர் பார்த்ததில் பாதி கவனத்தோடு. கவனமாகக் கேட்ட பெற்றோரைப் பார்த்தவர்கள், அந்த இடத்தில் தாங்கள் இருந்தால் மனம் இலேசாகியிருக்கும், மறுபடியும் சொல்வோம் என்றார்கள். பார்த்துக் கற்பனை செய்ததுதானே, நேரில் நடந்ததல்லவே என்று கேட்கலாம். நியாயம். ஆனாலும் செலவில்லாத மருந்து: பிள்ளை வாயைத் திறந்ததும் கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வைப்பது.

இன்னொரு வகை வீடு மாத்தளை மாவட்டத்தில் உண்டு. அம்மா வீட்டில் இல்லை. குவைத்தில், சவூதியில், டுபாயில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாயிதான் வளர்க்கிறாள். இங்கே உரையாடல் என்றால் வட்ஸ்அப். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழு செய்த ஒரு சோதனையை இந்த வீடுகள் அறிய வேண்டும். ஏழரையிலிருந்து 12 வயதுவரையான சிறுமிகளை அந்நியர் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலர் தாயை நேரில் சந்தித்தார்கள், சிலர் தொலைபேசியில் பேசினார்கள், சிலர் எழுத்துச் செய்தி பரிமாறினார்கள், சிலருக்கு எதுவும் இல்லை. நேரில் சந்தித்தவர்களுக்கும் குரல் மட்டும் கேட்டவர்களுக்கும் பதற்ற ஹோர்மோனாகிய கோர்டிசோல் இறங்கியது, பிணைப்போடு தொடர்புள்ள ஒக்சிடோசின் ஏறியது. எழுத்துச் செய்தி பெற்றவர்கள், எதுவுமே பெறாதவர்களைப் போலவே இருந்தார்கள். சொற்கள் ஆறுதல் சொற்கள்தான். குரல் இல்லை. சிறிய ஆய்வு, பெண்பிள்ளைகள் மட்டும், பதின்ம வயதுக்குச் சற்று முந்தியவர்கள். ஆனாலும் கடல் தாண்டி இருக்கும் தாய்க்கு நான் சொல்வது: 'சாப்டியா' என்று தட்டச்சு செய்யாதீர்கள். குரல் பதிவாக அனுப்புங்கள், பின்னால் அந்த வீட்டுச் சட்டி பானை உருளும் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.

கேள்வியும் வேண்டாம், கத்தலும் வேண்டாம் என்றால் பின்னே என்னதான் பேசுவது?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த பாதையில் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். சுமார் 250 கிலோமீற்றர், 16 நாட்கள். ஏன் மாத்தளை? படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை தாண்டி நடந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் இதுதான். வாந்திபேதியிலும் அம்மையிலும் பாதையோரம் விழுந்தவர்கள் போக, மிச்சப்பட்டவர்கள் ஏறி வந்த ஊர். இன்று அந்த ஊரில் 'ம்' சொல்லும் பிள்ளையிடம், "உன் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர்லருந்து வந்தார்?" என்று கேளுங்கள். தெரியாது. அது அவன் தப்பில்லை. யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ரொபின் பைவுஷ் இருவரும் 2001வாக்கில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் செய்தார்கள். உன் பெற்றோர் எங்கே சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, நீ பிறந்த கதை தெரியுமா என்ற மாதிரி. கூடவே குடும்பங்கள் இராச்சாப்பாட்டின்போது பேசுவதையும் பதிவுசெய்தார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. அதற்காக விடைகளை மனப்பாடம் செய்யவைத்து டியூசன் வைத்துவிடாதீர்கள் (நம்மவர்கள் செய்யக்கூடியவர்கள்). வேலை செய்வது விடையல்ல, அந்த விடைகள் காதில் விழுந்த ஆயிரம் சாப்பாட்டு நேரங்கள் என்று டியூக் தாமே சொல்லியிருக்கிறார். ஏறிய கதையும் அல்ல, விழுந்த கதையும் அல்ல, விழுந்து எழுந்த கதைதான் பிள்ளைக்கு வலு என்பதும் அவர் கருத்து.

விழுந்து எழுந்த கதைக்கு நம்மிடம் பஞ்சமா? 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அண்ணன் கப்பலேறினான், தங்கை இங்கே நின்றாள். 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுன் என்ன பாடுபட்டது என்பதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அடக்கிவைத்தோம். நோக்கம் நல்லதுதான். விளைவு, வீட்டில் பேச மிஞ்சியது மார்க் மட்டும்.

இங்கே திசை மாறுவதைக் கவனியுங்கள். பிள்ளை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தோம். இப்போது சொல்வது நாம். சாதாரண தரத்தில் கணக்கு பெயிலானதை அப்பா சொல்லட்டும். முதல் சம்பளத்தை எங்கே தொலைத்தார் என்று சொல்லட்டும். தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து பெயர் வெட்டப்பட்டு எந்தத் தோட்டத்துக்கு வந்தார், அத்தை இந்தியாவில் கூடலூருக்குப் போனபின் வந்த முதல் கடிதத்தில் என்ன இருந்தது. கங்காணி தன் கதையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அப்பா சொல்லலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, விறகு பிளந்துகொண்டே சொல்லலாம். சனிக்கிழமை இரவென்றால் மறுநாள் பெரட்டு இல்லை, பத்து மணிவரை விழித்திருக்கலாம்.

முதல் நாள் பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' என்பான். நிறுத்திவிடாதீர்கள். கதை சொல்லும்போது 'ம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் நம் பாட்டிமார் அந்தக் காலத்திலிருந்தே போட்டுவரும் நிபந்தனை.